பகல் இருப்பு

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வெக்கப்படுவியா கண்ணு?”

நான்கு வருடங்களுக்கு முன், வேலைக்கு எடுத்த அன்று மதுவந்தி எப்சிபாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பத்தொன்பது வயது எப்சிபா குனிந்த தலை நிமிராமல் ‘இல்லை’ என்று அசைத்தாள். மதுவந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரி, சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும். “இப்படி ஒரு ஆளத்தானுங்க தேடிட்டு இருந்தேன்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

எப்சிபா பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லத்தான் நாக்கு எழாது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லையே.

ஒன்பதாம் வகுப்பில் பூகோள டீச்சர் சுவரில் வரைபடத்தை மாட்டி, மன்னார் வளைகுடாவைக் காட்டச் சொன்னார். தூத்துக்குடியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே அலையடித்துக்கொண்டிருந்த கடல் அது. எப்சிபாவுக்கு இடமும் தெரியும், அதன் தீவுகளின் பெயரும் தெரியும். ஆனால் நாற்பது ஜோடிக் கண்கள் முதுகில் குத்த, கை எழவில்லை. மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். மறுநாள் பேருந்து வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. அவள் நிறுத்தத்திலேயே நின்றாள். அதோடு படிப்பு முடிந்தது.

நிலவிரி என்பது அந்த நிறுவனத்தின் பெயர். அது செய்த வரைபடத்துக்கும் அதே பெயர்தான். கடலோர மாவட்டங்கள் எல்லாமே அந்த வரைபடத்தை நம்பித்தான் ஓடின. வியர்வை காயாத நாட்கள் வருடத்துக்கு அறுபது எழுபது என்று ஆகிவிட்ட காலம். வெயிலும் காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் மூன்று மணி நேரத்தில் சரிந்துவிடுவார். அப்படிப்பட்ட நாளைச் சிவப்பு நாள் என்று அறிவிப்பார்கள். அறிவித்த மறுநிமிடம் குளிர்வண்டிகள் புறப்படும். ஓட்டுநர் கிடையாது. வண்டிக்கு முப்பது பேர் ஏறி, உயிர் மீளும்வரை உள்ளே உட்கார்ந்திருக்கலாம். எங்கே போகவேண்டும் என்று வண்டிக்குச் சொல்வது நிலவிரி. நிலவிரிக்கு முன்னால் திரையைப் பார்த்தபடி, குளிர்வண்டி நிலையத்துக்கு ஒருவராக ஓர் ஆபரேட்டர் இருப்பார். அவர்களில் பெரும்பாலோர் பத்தாவது தாண்டாதவர்கள்.

அந்த ஆபரேட்டரின் திரையில் எந்தெந்த ஆப்ஷன் இருக்கவேண்டும், எது இருக்கக்கூடாது என்று முடிவு செய்வதுதான் மதுவந்தியின் வேலை. முதல் பதிப்பில் அறுபது சுவிட்ச் வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு துறைமுக ஊரில் ஓர் ஆபரேட்டர் பதற்றத்தில் தப்பான சுவிட்சைத் தட்டிவிட, பதினோரு வண்டிகள் இரண்டு மணி நேரம் சரக்குத் தளத்தையே சுற்றிச்சுற்றி வந்தன. ஊருக்குள் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எழுதப்பட்ட விதி இது: சாதாரண ஆளுக்குப் புரியாத எதுவும் திரையில் இருக்கக்கூடாது.

சாதாரண ஆள் வேண்டுமே, அதற்காக ஒன்பது பேரை எடுத்தார்கள். ‘பொதுப் பயனர்’ என்று பதவிக்குப் பெயர். நாற்காலியில் உட்காரவேண்டும். ஓர் ஆப்ஷன் திரையில் வரும். புரிந்தால் பச்சைப் பொத்தான், புரியாவிட்டால் மஞ்சள் பொத்தான். ஆரம்பத்தில் பொத்தான்கூட இல்லை. காகிதத்தில் பச்சை, மஞ்சள் வட்ட ஒட்டிகளை ஒட்டுவார்கள். அந்த ஒட்டிகள் இன்னமும் மதுவந்தியின் மேசை டப்பாவில் குவிந்து கிடந்தன.

இன்னொரு விதியும் உண்டு. பயனருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டால் அவர் சாதாரண ஆள் இல்லை, மாற்றிவிடவேண்டும். வருடம் திரும்புவதற்குள் எட்டுப் பேருக்குப் பிடிபட்டுவிட்டது. எதைக் காட்டினாலும் பச்சை. “முத்திப் போச்சு” என்று வெண்டைக்காயைச் சொல்வதுபோலச் சொல்லி ஒவ்வொருவராக அனுப்பினார்கள். எப்சிபா மட்டும் முற்றவே இல்லை. அலுவலகத்தில் அவளுக்குப் ‘பிஞ்சு’ என்று பட்டப்பெயர்.

உண்மை என்னவென்றால், பச்சையை அமுக்கினால் அடுத்த கேள்வி வரும். “அப்ப நீங்களே எங்களுக்குச் சொல்லுங்க பாக்கலாம்.” எழுந்து பெரிய திரைக்குப் போய், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் ஆட்களைப் பார்த்து விளக்கவேண்டும். மஞ்சளை அமுக்கினால் ஒன்றுமில்லை. “சரி கண்ணு, அடுத்தது” என்பாள் மதுவந்தி.

மதுவந்தி எந்த ஆப்ஷனையும் தானாக விளக்கியதில்லை. “நான் சொன்னா அது பாடமாயிடும். பீர், நீங்க சொல்லுங்க” என்பாள். பீர் முகமது காயல்பட்டினத்துக்காரர், ஆப்ஷன்களை எழுதும் பொறியாளர். அவர் விளக்குவார், எப்சிபா மஞ்சளை அமுக்குவாள், மதுவந்தி இழுத்துப் பிடித்த மூச்சை மெல்ல விடுவாள். தன்மேல் உள்ள கரிசனம் என்றே எப்சிபா அதை எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வேப்பமர நிழல் ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த ஆப்ஷன் என்ன செய்யும், எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். பக்கத்துக்கு ஒன்று, தலையில் எண். பதினான்கு நோட்டுகள், இருநூற்றுப் பன்னிரண்டு ஆப்ஷன்கள். பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். கூடவே இருக்கும் அக்காவுக்குக்கூடத் தெரியாது.

அக்கா பெயர் கெத்சி. ஊருக்குத் தெற்கே உப்பளத்தில் வேலை. முட்டளவு ரப்பர் காலணி, தலையில் துண்டு, கையில் உப்பு வாரும் பலகை. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பாள். “எங்க வீட்ல ஒருத்தி ஏசில உக்காந்து தெரியாது தெரியாதுங்கா, அதுக்கு மாசம் பொறந்தா சம்பளம். நான் தெரிஞ்சே வெயில்ல காயுதேன்” என்பாள்.

அந்த மே மாதம் பதினேழாம் தேதி, காலை ஒன்பது மணிக்கே சிவப்பு நாள் அறிவித்தார்கள்.

பதினோரு மணிக்கு எப்சிபாவின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண். “ஏட்டி, ஒங்க அக்காவ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாவ. கூட வேலை பாத்த லூர்தம்மா செத்துப் போயிட்டா.”

கெத்சி கட்டிலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தொடையிடுக்கிலும் கக்கத்திலும் ஐஸ் பொதிந்து வைத்திருந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் வழக்கமான சிரிப்பு வரவில்லை.

“வண்டி வந்துச்சுட்டி” என்றாள்.

“உப்பளத்துக்கா?”

“நம்ம தெருவுக்கு. மூணு வண்டி, வரிசையா. பூட்டுன வீட்டு வாசல்ல நின்னு ‘வெளியே வாருங்கள், வெளியே வாருங்கள்’னு ஒரு மணி நேரம் கூப்பாடு போட்டுருக்கு. அந்தச் செவல நாய் ஏறிப் படுத்துக்கிட்டாம். அதுக்கு நல்ல சொகம்.”

“நீங்க போன் அடிக்கலையாக்கா?”

“அடிக்காம? லூர்தம்மா விழுந்தவொடனே நான்தான் அடிச்சேன். ஆபரேட்டர் பொண்ணு பாவம், எடத்தத் தட்டிப் பாத்துட்டு, ‘அங்க ஆளே இல்லன்னு காட்டுதேக்கா’ங்கா. நான் இங்கன நின்னுக்கிட்டுப் பேசுதேன், ஆளே இல்லங்கா!” கெத்சிக்கு மூச்சு வாங்கியது. “ஏட்டி எப்சி, ஒங்க மேப்புல நாங்க இல்லியோ?”

 எப்சிபாவுக்கு அந்த ஆப்ஷன் எண்ணோடு நினைவு வந்துவிட்டது. நூற்று முப்பத்தேழு.

மறுநாள் அலுவலகத்தில் தேநீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் பீர் முகமதைப் பிடித்தாள். தானாகப் போய் அவரிடம் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. அவர் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அண்ணே, பகல் இருப்புன்னு ஒரு ஆப்ஷன் எழுதினீங்கல்லா?”

பீர் முகமது அவளையே பார்த்தார். “எழுதினேன். ஆறு மாசம் எழுதினேன். நிலவிரி ஒரு ஆளை எங்க வைக்குது? ராத்திரி அவங்க போன் எங்க தூங்குதோ அங்க. வீடுங்கறது அதுக்குத் தூங்குற எடம். பகல்ல உப்பளத்துல, செங்கல் சூளையில, முருங்கைத் தோட்டத்துல நிக்கிறவங்கள அதுக்குத் தெரியாது. அங்க கூரை இல்லை, அதனால வெறும் நிலம். பகல் இருப்பைப் போட்டா, அந்த நேரத்துல யாரு எங்க நிக்காங்களோ அங்க வண்டி போகும்.”

“அத எப்பவுமே போட்டு வச்சிரலாமே?”

“முடியாதும்மா. திருவிழா, ஊர்வலம்னா கணக்கு கன்னாபின்னான்னு ஏறும். எல்லா வண்டியும் ஒரே எடத்துக்குப் போயிரும். ஊர் தெரிஞ்ச ஆபரேட்டர் பாத்துப் போடணும். அதுக்குத்தான் சுவிட்ச்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அது இன்னும் உள்ளதான் இருக்கு. நான் அழிக்கல. திரைக்கு வரல, அவ்வளவுதான். ஏன் வரலைன்னு ஒங்களுக்கே தெரியும். மஞ்சளை அமுக்கினது நீங்கதான்.”

தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் ஒருநாள். காலையில் பேருந்தில் ஏறும்போது செருப்பு வார் அறுந்து, ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கென்று சென்னையிலிருந்து ஆட்கள், கண்ணாடிக்குப் பின்னால் கோட்டும் சூட்டுமாக. பீர் விளக்கி முடித்ததும், அது எவ்வளவு நல்ல ஆப்ஷன் என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அக்காவின் முகம்கூட மனதில் வந்துபோனது. கை பச்சைக்குப் போனது. அப்புறம், எழுந்து பெரிய திரைக்கு நடந்தால் ஊக்கு பளபளக்குமே என்று தோன்றியது. கை இரண்டு அங்குலம் தள்ளி மஞ்சளில் இறங்கியது.

மதுவந்தி மூச்சை விட்டாள். “சரி கண்ணு, அடுத்தது.”

மூன்றாம் நாள் கெத்சியை வீட்டுக்கு விட்டார்கள். எப்சிபா கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். ஆகஸ்டு, சென்னைக்காரர்கள், ஊக்கு. பெட்டியின் அடியிலிருந்து நோட்டுகளை எடுத்து முன்னால் வைத்தாள்.

 கஞ்சியில் ஏடு கட்டியது.

“செருப்புக்காவாட்டி?” என்றாள் கெத்சி கடைசியில். “என் கால்ல போட்டுருந்தத கேட்டிருந்தா குடுத்துருக்க மாட்டேனா?”

எப்சிபா அழ ஆரம்பித்தாள்.

“அழுது என்னத்த ஆவப்போவுது. லூர்தம்மா மகள்ட்டப் போயி அழுவியா? அடுத்த வருசமும் மே மாசம் வரும். நானும் அங்கதான் நிப்பேன். நாலாயிரம் பேரு நிப்பான்.” கெத்சி ஒரு நோட்டைப் புரட்டினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து இரண்டு வரி படித்தாள். “இம்புட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டா ஊமையா இருந்த? இங்க சொல்லி என்ன புண்ணியம்? எங்க அமுக்குனியோ அங்க போயிச் சொல்லு.”

மறுநாள் மதுவந்தி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு எப்சிபா சொன்னதையெல்லாம் கேட்டாள்.  முடிந்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“நீங்க சொல்றது எனக்கு வலிக்குது. நெசமா. ஆனா இப்ப நீங்க ‘அன்னிக்கே புரிஞ்சுது’ன்னு சொன்னா, ஒண்ணு மட்டும் ஆடாதுங்க. நாலு வருசம் நீங்க அமுக்கின அத்தனையும் ஆடும். இந்த வெள்ளிக்கிழமை வெப்பப் பிரிவு அதிகாரி முன்னால பதிப்பைப் பூட்டறோம். பூட்டினா ஏழு வருசத்துக்குத் திரையில ஒண்ணும் மாறாது. பதினாலு மாவட்டம். அறுபது சுவிட்ச் இருந்த காலத்துல என்ன நடந்துதுன்னு மறந்துட்டீங்களா? எளிமையா வச்சதாலதான் எத்தனையோ பேரு பொழச்சிருக்காங்க.”

அதுவும் உண்மைதான்.  ஆனாலும் எப்சிபா நாற்காலியை விட்டு எழவில்லை.

“அக்காவை உப்பளத்துக்கு அனுப்பாதீங்க. நம்ம கேன்டீன்ல போட்டுடறேன். திங்கக்கிழமையே வரட்டும்” என்றாள் மதுவந்தி. குரலில் கள்ளம் இல்லை.

“மத்தவங்க?”

“எல்லாருக்கும் கேன்டீன்ல எடம் இருக்குமா கண்ணு?”

“மேப்புல இருக்கும்லா மேடம்?” என்றாள் எப்சிபா. சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கண்ணாடிக்குப் பின்னால் இருபது பேர். முன்வரிசையில் மாநில வெப்பப் பிரிவு அதிகாரி, நரைத்த மீசை, மடியில் பூட்டு ஆவணம். முதல் வருடம் மற்ற எட்டுப் பேர் போட்ட பச்சையால் திரைக்கு வந்த பதினோரு ஆப்ஷன்களை, பூட்டுவதற்கு முன் பொதுப் பயனர் கடைசியாகப் பார்த்துப் பொத்தான் அமுக்கவேண்டும். வெறும் சடங்கு. அரை மணி நேரத்தில் முடிந்து, கேசரி கொடுப்பார்கள். கேசரி வந்து மூடிவைத்திருந்த வாசனைகூட அடித்தது.

எப்சிபா ஊக்குக் குத்திய பழைய செருப்பைத்தான் வேண்டுமென்றே போட்டு வந்திருந்தாள்.

முதல் ஆப்ஷன் திரையில் வந்தது: நிற்கும் தூரம். பீர் விளக்குவதற்கு முன்பே பச்சையை அமுக்கினாள். அறை ஒரு நொடி திகைத்தது. நான்கு வருடத்தில் பிஞ்சு பச்சையை அமுக்கி யாரும் பார்த்ததில்லை.

“நானே சொல்லுதேன்” என்று எழுந்தாள்.  பெரிய திரை வரைக்கும் பதினான்கு அடி. செருப்பு சடக்சடக் என்று அடித்தது. ஊக்கு பளபளத்தது. “இது வண்டி ஆளுக்கு எம்புட்டுக் கிட்டக்க வந்து நிக்கணும்னு சொல்லுது. தெருவுல பத்தடி போதும். ஆத்து மணல்ல பத்தடி வச்சா வண்டி பொதைஞ்சிரும். அங்க நாப்பது வைக்கணும்.”

“ரொம்பச் சரி” என்று பீர் தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

“அடுத்தது திரையில இல்ல” என்றாள் எப்சிபா. பையிலிருந்து ஒன்பதாம் நோட்டை எடுத்தாள். ஆட்களைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று தெரியும். நோட்டையே பார்த்துப் படித்தாள். “நூத்தி முப்பத்தேழு, பகல் இருப்பு. ஒரு ஆள் தூங்குற இடம் வேறு, வேலை செய்யுற இடம் வேறு. வெயில் தூங்குற இடத்தில் வராது. இந்த ஆப்ஷன் இல்லாவிட்டால் வண்டி பூட்டின வீட்டைக் குளிரவைக்கும். உப்பளத்தில் நிற்பவர்கள் வெள்ளை நிலமாகத் தெரிவார்கள். ஆபரேட்டர் விடிந்ததும் இதைப் போடவேண்டும். கோயில் கொடைத் திருவிழா, மாதா தேர் அன்றைக்குப் போடக்கூடாது. அவ்வளவுதான். ஒரு தடவை சொன்னால் யாருக்கும் புரியும்.” நிறுத்தி, கடைசி வரியையும் படித்தாள். “எனக்குப் புரிந்தது.” நோட்டை மூடினாள். “இது ரெண்டு வருசத்துக்கு முன்னால எழுதுனது. தேதி போட்டிருக்கேன்.”

அதிகாரி முன்னால் சாய்ந்தார். “அப்படின்னா அன்னைக்கு ஏம்மா மஞ்சள் போட்ட?”

“வெக்கமா இருந்துச்சு சார்.” யாரோ சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். “சிரிங்க. அந்த வெக்கத்துல ஒரு பொம்பள செத்துப் போயிட்டா. பேரு லூர்தம்மா. நீங்க போன் அடிச்சா ‘ஆளே இல்ல’ன்னு வந்தா சிரிப்பீங்களா?”

சிரிப்பு நின்றது.

மதுவந்தி எழுந்தாள்.  “சார், இது நடைமுறைக்கு விரோதம். பயனர் தனியாப் படிச்சு, குறிப்பெடுத்திருக்காங்க. விதிப்படி அவங்க பொதுப் பயனரே இல்ல. நிபுணர் ஆயிட்டாங்க. அவங்க பச்சை செல்லாது.”

பள்ளிக்கூட மணிக்காகக் காத்திருந்ததுபோல இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எப்சிபா மூன்று நாட்களாகக் காத்திருந்தாள். நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினாள். பதினான்கு.

“சரிங்க மேடம். நான் முத்திப் போயிட்டேன். ஆனா இன்னைக்கு இல்ல. முதல் நோட்டுத் தேதிய பாருங்க, வேலைக்குச் சேந்த மறு வாரம். அன்னைல இருந்து நான் நிபுணர்னா, நான் போட்ட ஒரு மஞ்சளும் செல்லாது. எல்லா ஆப்ஷனையும் திரும்பத் திறக்கணும். இல்ல, நான் சாதாரண ஆளுதான்னா, இப்ப போட்ட பச்சை செல்லும். நூத்தி முப்பத்தேழ திரைக்குக் கொண்டு வரணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. இந்தத் தடவ பொத்தான் ஒங்க கையில இருக்கு.”

 பீர் முகமது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மீசைக்கடியில் சிரிப்பு துடித்தது.

அதிகாரி மதுவந்தியைப் பார்த்தார். “ரெண்டுல எதும்மா?”

மதுவந்தி வாயைத் திறந்தாள், மூடினாள். நோட்டு அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் வகுப்பில் சுவர் வரைபடத்துக்கு முன்னால் நின்ற ஒருத்தியை எப்சிபாவுக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் இரக்கப்பட அன்றைக்கு நேரமில்லை.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். “பூட்டு இப்போதைக்கு இல்லை. எல்லாத்தையும் திரும்பப் பாருங்க, வேற ஆட்கள வச்சு. உப்பளம் இருக்கிற மாவட்டங்களுக்கு அந்தப் பகல் சுவிட்சை மட்டும் இந்த வாரமே திறந்து விடுங்க.” எழுந்தவர் எப்சிபாவிடம் திரும்பி, “கொடை அன்னைக்குப் போடக்கூடாது, அப்படித்தானே?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே அவளுக்கு வேலை போனது. முற்றிய வெண்டைக்காய், விதி விதிதான். நோட்டுகள் நிறுவனத்தின் இரகசியம் என்று சொல்லி வாங்கி, மதுவந்தியின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். வாசல்வரை வந்த பீர் முகமது, “நோட்டுப் போனா போகுது, அம்புட்டும் தலையில இருக்குல்ல” என்றார். கேசரி ஒரு பொட்டலம் கையில் கொடுத்தார்.

எப்சிபா உப்பளத்துக்குப் போனாள். கெத்சி தன் பழைய ரப்பர் காலணியைக் கொடுத்தாள். “இதுல ஊக்குக் குத்த முடியாது” என்றாள். முதல் மாதம் உள்ளங்கை முழுக்கப் புண். உப்புப் பட்டால் உயிர் போகும். ஆனாலும் மதியக் கஞ்சிக்குப் பிறகு பதினைந்தாம் நோட்டு திறந்தது. இந்தத் தடவை ஒளிக்கவில்லை. ஆபரேட்டர் பெண்கள் இரண்டு பேர், லூர்தம்மாவின் மகள் என்று சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவள் சத்தமாகப் படிப்பாள். குரல் இன்னும் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த மே மாதம் ஒன்பதாம் தேதி. காலை எட்டே முக்காலுக்கெல்லாம் காற்று அசைவற்று, வியர்வை வழிந்து கண்ணை மறைத்தது. போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. சிவப்பு நாள்.

கெத்சி பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி வடக்கே பார்த்தாள்.  பாத்திகளின் வெள்ளைக்கு நடுவே, நீலமாக ஒரு புள்ளி தெரிந்தது. பின்னால் இன்னொன்று. வரப்புச் சாலையில் தடதடவென்று ஆறு வண்டிகள். பூட்டிய வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை.

“வாருங்கள், உள்ளே வாருங்கள்” என்றது முன்வண்டி.

“வாறம்ல, கத்தாத” என்றாள் கெத்சி. 

ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் கடைசி வண்டிக்குப் பின்னால் ஒரு கார் நிற்பதை எப்சிபா பார்த்தாள். மதுவந்தி இறங்கி வந்தாள். முக்காடாகப் போட்ட துப்பட்டா, முகமெல்லாம் வியர்வை. நகரச் செருப்பு உப்புச் சேற்றில் புதையப் புதைய நடந்து வந்து, அம்பாரமாகக் குவித்திருந்த உப்பின்மேல் ஒரு துணிப்பையை வைத்தாள். இரண்டடி தள்ளி நின்றாள்.

பையில் நோட்டுகள். எப்சிபா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு மேலே இருந்ததைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மதுவந்தியின் மேசை டப்பாவில் கிடந்த அந்த வட்ட ஒட்டி. மஞ்சள். எல்லாம் மஞ்சள். அடுத்த நோட்டு, அதற்கடுத்தது. அவற்றில் பல மஞ்சளின்மேல் பிறகொரு நாள் பச்சையை ஒட்டியிருந்தது. சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் மஞ்சள் பிறை தெரிந்தது. ஒன்பதாம் நோட்டில் நூற்று முப்பத்தேழாம் எண்ணைத் தேடிப் பிடித்தாள். அங்கேயும் மஞ்சள், அதன்மேல் பச்சை. பச்சையின் நடுவில் பென்சிலால் பொடி எழுத்தில் தேதி போட்டிருந்தது. எப்சிபாவை வேலையை விட்டு அனுப்பிய மறுநாள் தேதி.

பீர் விளக்கிய ஒவ்வொரு முறையும் மதுவந்தி இழுத்துப் பிடித்திருந்த மூச்சு எப்சிபாவின் காதில் இப்போது கேட்டது. மதுவந்திக்கும் புரிந்திருக்கவில்லை.

“யாருட்டி அது?” என்று வண்டிப் படியிலிருந்து கெத்சி கத்தினாள். “வெயில்ல நிக்காவ பாரு. ஏறச் சொல்லு!”

எப்சிபா நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. வேலைக்கு எடுத்த அன்று தன்னிடம் கேட்கப்பட்ட, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கமா என்ற அதே கேள்விதான். மதுவந்தியின் கண்கள் அதற்காகக் காத்திருந்ததுபோல இருந்தன. எப்சிபா அதைக் கேட்கவில்லை. வண்டிப் பக்கம் நகர்ந்து நின்று, படியில் அவளுக்கும் இடம் விட்டாள்.

மதுவந்தி படியைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு திரும்பி, வந்த சுவட்டிலேயே கால் வைத்து நடந்து போனாள்.